தீட்டுப் பார்த்த இரும்பு

1978இல், ஓர்ஸ் ஹில் பக்கத்து பிளாஸ்டிக் ஆலையில் தவமலர் வாளி வார்த்தாள். அச்சின் இரு பாதிகளும் நெருங்கும்போது வேகம் எந்த இடத்தில் தணிய வேண்டும் என்று மெசினில் குறித்து வைப்பார்கள். வாளிகள் கூட வேண்டுமென்று முதலாளி அந்த இடத்தை மாற்றி, கடைசிவரை வேகமாகவே மூட வைத்தார்.

“ஐயா, வாளியைக் கழட்டிப்போட்டுக் கையை எடுக்க நேரம் காணாது. பழையபடி வையுங்கோ,” என்றாள் தவமலர்.

“வெள்ளிக்கிழமை மெசினுக்குத் தேசிக்காய் வெட்டிக் கண்ணூறு கழிச்சனாங்கள்தானே, பிள்ளை. பயப்படாதை.”

அடுத்த கிழமை மூன்று விரல்கள் நசுங்கின. தீட்டோடு மெசினைத் தொட்டாள் என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லி, அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். இரும்புக்குத் தீட்டுத் தெரியுமாம்.

ஆசுபத்திரிக்கு வந்த ஆலைத் தோழி குணேஸ்வரியிடம் தவமலர் கேட்டாள்: “வேகத்தைக் குறைச்சவையோ?”

“இல்லையடி. பூசணிக்காய் உடைச்சவை. நாளையிலயிருந்து என்னை அந்த மெசினில நிக்கட்டாம்.”