கை காய உட்கார்ந்த மத்தியானம்

என் வீட்டுக்காரருக்கு மரக்கடை. எக்குவடார் நாட்டுத் தேக்குத் தடிகள் கப்பலில் வந்து எங்கள் துறைமுகத்தில் இறங்கும். அதை வாங்கி அறுத்து விற்பதுதான் பிழைப்பு. கப்பலில் என்ஜினியராக இருக்கும் என் மகன் அதே நாட்டில், குவாயாக்கில் என்ற துறைமுக ஊரில், ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து, கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்றான். “எக்குவடார்ல இருந்து தேக்கு வந்தாப் போதும்லே, மருமக வரவேண்டாம்” என்றார் இவர். அன்றோடு அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு நின்றது.

ஒரு வருஷமாக, அவன் லீவில் வரும்போதெல்லாம், நடுவில் நான்தான் தபால்காரி. “அவன் சாப்பிட்டானான்னு கேளு.” “அப்பா கடைக்குக் கிளம்பியாச்சான்னு கேளும்மா.” அட, ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு! இரண்டு பேர் தலையிலும் குழம்பைக் கொட்டிவிடலாம் போல எனக்கு ஆத்திரம் வரும்.

இந்த வருஷம் அந்தப் பெண்ணும், பள்ளிக்கூட வாத்தியாரான அவள் அப்பாவும் எங்களைப் பார்க்க வந்தார்கள். மறுநாள் காலையில் கிளம்பிவிடுவார்கள். வீடு தேடி வந்தவர்களை இவர் வாங்க என்று கூப்பிட்டார். ஆனால் சம்மதம் என்ற பேச்சையே காணோம். இப்படியே அனுப்பிவிட்டால் பிள்ளை வெறுத்துப்போய் அந்தக் கரையிலேயே தங்கிவிடுவானோ என்று எனக்குப் பயம்.

மத்தியானம் நெய்மீன் குழம்பும் சோறும் வாழைக்காய் வறுவலும் வைத்தேன். அவர்கள் ஊரிலும் அதேதானாம், மீனும் சோறும் வாழைக்காயும். அந்தப் பெண் கையாலேயே பிசைந்து சாப்பிட்டாள். எனக்கு அப்போதே பாதி மனசு விழுந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்தும் அந்த அப்பா எழுந்திருக்கவில்லை. பசி அடங்கவில்லை போல என்று இன்னும் இரண்டு கரண்டி சோறு வைத்தேன். தின்றார். அப்புறமும் எழவில்லை. மறுபடி வைத்தேன். மனுஷர் வேர்த்து விறுவிறுத்துப்போய் மகளைப் பார்த்தார். அவள் விழுந்து விழுந்து சிரித்து என் மகனிடம் ஏதோ சொன்னாள்.

“அம்மா, போதும், வைக்காத. அவங்க ஊர்ல சாப்பிட்டதும் எந்திரிச்சா சமைச்சவங்களுக்கு மரியாதை இல்லியாம். உக்காந்து பேசணுமாம்.”

எங்கள் வீட்டில் ‘கை காயுது, எந்திரி’ என்று விரட்டுகிறவளே நான்தான். இப்போது விருந்தாளி உட்கார்ந்திருக்க, வீட்டுக்காரர் எப்படி எழுவது? நெளிந்துகொண்டே உட்கார்ந்திருந்தார், பாவம்.

அந்த வாத்தியார் சும்மா இருக்கவில்லை. தண்ணீர்ச் செம்பைக் கடல் என்றார், தயிர்ச் சட்டியை மலை என்றார், கீரைக் கிண்ணத்தை அதற்கு அந்தப்பக்கம் உள்ள காடு என்றார். மகன் அதைத் தமிழில் என்னிடம் சொன்னான். நாடு பூமத்திய ரேகையில் இருக்கிறது, ஆனாலும் அந்த மலை உச்சியில் எப்போதும் பனி.

“பனியா? சரியாக் கேக்கச் சொல்லுளா” என்றார் இவர் என்னிடம்.

நான் வாயே திறக்கவில்லை. எத்தனை நாளைக்குத்தான் தபால் சுமப்பது?

இவர் என்னைப் பார்த்தார், தயிர்ச் சட்டியைப் பார்த்தார். பொறுக்க முடியவில்லை. “ஏலே, அந்த வெயில்ல எப்படிலே பனி கிடக்கும்? கேளு!”

மகன் அப்பா பக்கமே திரும்பி உட்கார்ந்தான். “அவ்வளவு உசரம்ப்பா” என்றான்.

“நம்ம தேக்கு எங்கன வளருதாம்?”

வாத்தியார் செம்புக்கும் சட்டிக்கும் நடுவில் விரலை வைத்தார். அப்புறம் பேச்சு மழையிலும் மண்ணிலும் புகுந்து எங்கெங்கோ போனது. நான் அடுப்படிக்குப் போய் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முந்திரி மக்ரூன் டப்பாவோடு வந்தேன்.

மறுநாள் அவர்கள் கிளம்பிப் போனார்கள். மத்தியானம் இவர் சாப்பிட்டு முடித்து, பழக்கத்தில் எழுந்தார். மகன் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நின்றவர் என்ன நினைத்தாரோ, திரும்ப உட்கார்ந்தார். குழம்பு காய்ந்த கையோடு அவன் முடிக்கும்வரை காத்திருந்தார்.

“ஏலே, கல்யாணம் அங்கனயா, இங்கனயா?”

நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “இங்கனதான்” என்றேன், அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால்.