லேத் பட்டறைக்கு மேலே ஒரு டார்க் ரூம்

போட்டோ எடுப்பது சுலபம். எடுக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் ஆளைக் கொல்லும் தொழில். சமையல் சொல்லிக்கொடுத்தால் உப்பு கூடிவிட்டதென்று நாக்கு உடனே சொல்லிவிடும். பிலிம் ரோல் காலத்தில் எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தப்பு நடந்த விஷயமே ஒரு வாரம் கழித்து, பிலிமைக் கழுவிக் காயப்போட்ட பிறகுதான் தெரியும். அதற்குள் தப்பு செய்தவர் அதே தப்பை முப்பத்தாறு தடவை செய்து முடித்திருப்பார். நீங்களும் யாருக்காவது எதையாவது கற்றுக்கொடுக்க மாட்டிக்கொண்டவர் என்றால், என் வயிற்றெரிச்சல் உங்களுக்கு விளங்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் ஆறு மாத போட்டோகிராபி வகுப்பு நடந்தது. டீச்சர் நான் ஒருத்திதான். பாடப்புத்தகம் கிடையாது. மாதம் ஒரு செய்முறை வேலை கொடுப்பேன். அவர்களே எடுத்து, கழுவி, பிரிண்ட் போட்டுக் காட்ட வேண்டும். பத்துப் பையன்கள், ஒரே ஒரு பெண்.

பாய் வைத்த கெடு

அந்த ஒரு பெண் சாஹிதா. கோட்டைமேட்டில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருந்த பாயின் மகள். சேர்க்க வந்த அன்று பாய் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, ரொம்ப மரியாதையாக, ஆனால் நெற்றியடியாகக் கேட்டார்: “பொம்பளப் புள்ளைய போட்டோ எடுக்க எந்த ஊட்டுலீங்க கூப்பிடுவாங்க?”

பதில் சாஹிதாவிடமிருந்து வந்தது. “அத்தா, நம்ம கல்யாணத்துல பொம்பளைங்க இருக்கற பக்கம் போட்டோக்காரங்க வர முடியாதில்ல? பெரியக்கா நிக்காஹ் ஆல்பத்துல அம்மா இருக்காங்களா, மாமி இருக்காங்களா? நான் போனா எடுக்கலாமில்ல?” என்றாள். பாய் தாடியைத் தடவினார். பிறகு மகளிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார்:

“ஆறு மாசம் உடறனுங்க டீச்சர். அதுக்குள்ள ஒரே ஒரு கல்யாண ஊட்டுல இருந்து இவளக் கூப்பிட்டாப் போதும், அப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன். சொந்தக்காரங்க கூப்பிட்டா அது கணக்குல இல்லீங்க. யாரும் கூப்பிடலைன்னா தையல் கிளாஸ்தான்.”

ஆடும் தேங்காய்

முதல் மாத வேலை, அசையாத பொருள் ஒன்றைத் துல்லியமாக எடுப்பது. யாரோ ஒரு தேங்காயைக் கொண்டுவந்தார்கள். ஸ்டாண்டில் கேமராவை வைத்து எல்லோரும் எடுத்தார்கள். பிரிண்ட் போட்டுப் பார்த்தால் எல்லார் தேங்காய்க்கும் இரண்டு ஓரம். ‘மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்கத் தெரியாதா?’ என்று பதினொரு பேரையும் ஒரு வாரம் காய்ச்சி எடுத்தேன். பாவம், அவர்கள் மூச்சைப் பிடித்துப் பிடித்து முகம் சிவந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் டார்க் ரூமில் தட்டிலிருந்த மருந்துத் தண்ணீரைப் பார்த்தேன். சின்னச் சின்ன வளையமாக நடுங்கிக்கொண்டிருந்தது. கீழே பட்டறையில் தகடு அடிக்கும் பவர் பிரஸ் ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் மாடி அதிர்கிறது. மாடி அதிர்ந்தால் பிரிண்ட் போடும் என்லார்ஜர் ஆடுகிறது. தேங்காய் மேலும் தப்பில்லை, பிள்ளைகள் மேலும் தப்பில்லை. திட்டியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டேன். பட்டறையில் காலை பதினொன்றுக்கும் மாலை நான்குக்கும் டீக்காக இருபது நிமிடம் மெஷினை நிறுத்துவார்கள். மணி அடித்ததும் நாங்கள் டார்க் ரூமுக்குள் பாய்ந்து, அந்த இருபது நிமிடத்தில் ஏழெட்டு பிரிண்ட் போட்டுவிடப் பழகினோம். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்ததும் வராந்தாவில் நின்று எங்கள் டீயைக் குடிப்போம். இதை ஒரு மாதம் கவனித்த பட்டறைக்காரர் பழனிசாமி ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

“ஏனுங்க டீச்சர், நாங்க டீ குடிக்கறப்ப நீங்க வேலை செய்யறீங்க. நாங்க வேலை செய்யறப்ப நீங்க டீ குடிக்கறீங்க. இது என்ன படிப்புங்க?”

காலில்லாக் குதிரை

மூன்றாம் மாத வேலை, ஓடுகிற பொருளை எடுப்பது. ஆடி மாதம்; அந்தியூரில் குதிரைச் சந்தை. அந்த ஊர்ப் பையன் செந்தில் எங்கள் வகுப்பில் இருந்தான். ஷட்டரை மெதுவாக வைத்து, குதிரையோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பினால், பின்னாலிருப்பதெல்லாம் கோடு கோடாகக் கலைந்து, குதிரை பறப்பது போல் வரும் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அங்கே ஒரு குதிரைக்காரர், ஓட்டிக் காட்ட வேண்டுமென்றால் தனக்கும் ஒரு பிரிண்ட் வேண்டும் என்றாராம். ஆறு தடவை ஓட்டிக் காட்டியிருக்கிறார். படம் பிரமாதமாக வந்தது. தலையும் கண்ணும் கத்தி மாதிரி. கால்கள் மட்டும் புகைபோலக் கரைந்து, காற்றில் மிதந்தது குதிரை. வகுப்பே கைதட்டியது.

செந்தில் வாக்குத் தவறாதவன். பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டு, அந்த மனிதரைத் தேடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தான். வந்தவன் முகம் தொங்கிப்போயிருந்தது. அவர் படத்தை நேராகப் பிடித்துப் பார்த்தாராம், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாராம், பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

“கண்ணு, குதிரை வாங்க வர்றவன் மொதல்ல காலைத்தான் பாப்பான். நீ அதையே அழிச்சுப்போட்டு வந்திருக்கயே!”

கறுப்பு ரிப்பன்

நான்காம் மாதம், முகங்கள். சாஹிதாவுக்கு இது வெறும் வகுப்பு வேலை இல்லை. தெருப் பெண்களின் முகங்களை நன்றாக எடுத்து ஒரு சிறிய ஆல்பமாக்கி, கல்யாணம் வைத்திருக்கும் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் காட்டுவதாகத் திட்டம். மூன்று வாரம் வீடு வீடாகக் கெஞ்சி முப்பது படம் எடுத்துவிட்டாள். இன்னும் ஆறுதான் பாக்கி. வகுப்புக் கேமராவின் பின்மூடி லொடலொடவென்று ஆடுகிறது என்று வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறாள். அவ்வளவுதான். பூட்டுக்காரர் வீட்டில் ஒரு மூடி ஆடலாமா?

மறுநாள் பாயே கேமராவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார். பழைய சூட்கேஸ் பூட்டின் ஸ்பிரிங்கைப் போட்டிருந்தார். மூடி கச்சிதமாக மூடியது. கடை வாசலில், நல்ல வெயிலில் உட்கார்ந்து செய்தாராம். கழுவாத பிலிமில் வெயில் பட்டால் எடுத்த அத்தனை படமும் அழிந்துவிடும். சாஹிதா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் அழுதது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

“மூடி இனி ஆயுசுக்கும் ஆடாதுங்க. உள்ள ஏதோ கறுப்பு ரிப்பன் சுத்திக் கெடந்துச்சு. முழுசா இழுத்து நல்லாத் தொடச்சு, பழையபடி சுத்தி வெச்சிருக்கறனுங்க.”

பெண்கள் பக்கம்

கெடு முடிய மூன்று வாரம் இருக்கும்போது சாஹிதாவின் மாமா மகளுக்கு நிக்காஹ் வந்தது. சொந்தக்காரர் வீடு என்பதால் பாயின் கணக்கில் சேராது. ஆனால் வெளியாட்கள் நிறையப் பேர் வருவார்கள், யாராவது பார்த்துக் கூப்பிட மாட்டார்களா என்ற ஆசையில் அவள் கேமராவைத் தூக்கினாள். துணைக்கு நானும் போனேன். கலர் பிலிம் போட முடியாது. கலர் என்றால் ஸ்டூடியோவில் ஆண்கள் கழுவுவார்கள். பெண்கள் ஒப்ப மாட்டார்கள். ‘கறுப்பு வெள்ளை என்றால் டீச்சரும் நானுமே கழுவிவிடுவோம், வேறு கண் படாது’ என்று சாஹிதா வாக்குக் கொடுத்த பிறகுதான் விட்டார்கள்.

கேமராவைக் கண்டதும் அத்தனை பெண்களும் வரிசையாக உட்கார்ந்து, பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருவதுபோல் உறைந்துபோனார்கள். ஆறு படம் வீண். சாஹிதா கேமராவை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டாள். மருதாணியைப் பற்றிப் பேசினாள், மணப்பெண்ணைக் கிண்டல் செய்தாள். அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் கேமரா மறந்தே போயிற்று. அப்போது மாமி எழுந்து, பாய் எந்த வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் சலாம் சொல்வதற்கு முன்னால் கதவுத் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்ப்பதை அப்படியே நடித்துக் காட்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் இருந்த சாஹிதாவின் அம்மா, தலையைப் பின்னால் சாய்த்து, வாய் கொள்ளாமல் சிரித்தார். சத்தமில்லாமல் ஷட்டர் விழ வேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். விழுந்துவிட்டது. மாமியின் காதுக்கு அது தப்பவில்லை.

“அடியே, எடுக்கறதுக்கு முன்னால சொல்ல மாட்டியா? நான் உங்கத்தாவாட்ட நின்னுட்டிருந்தேன்டி!”

கடைசி நாள்

முப்பது படம் தேறியது. இந்த முறை பழனிசாமியே ஒரு மணி நேரம் பிரஸ்ஸை நிறுத்திக் கொடுத்தார். ஆல்பம் பெண்கள் கையிலேயே வீடு வீடாகச் சுற்றியது. பச்சைப் பட்டு கறுப்பாகத் தெரிகிறது என்று நாலு பேர் குறை சொன்னதைத் தவிர, இரண்டு வாரம் ஒரு தகவலும் இல்லை.

ஆறு மாதம் முடிந்த அன்று பாய் வந்தார். தையல் கிளாஸ்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு எழுந்து நின்றேன். “போத்தனூர்ல ஒரு ஊடுங்க. நமக்குச் சொந்தமில்லீங்க. அடுத்த மாசம் நிக்காஹ். அந்தப் புள்ளையத்தான் அனுப்பணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க” என்றார். சாஹிதா என் கையை இறுகப் பிடித்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது; மறைக்கவும் இல்லை. பாய் போகவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். அவர் மனைவி சிரிக்கும் படம். மகள் அவருக்கென்று அந்த ஒன்றை மட்டும் கொடுத்திருந்தாள். அதை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இருபத்திரண்டு வருஷமா ஒரே ஊட்டுல இருக்கறனுங்க டீச்சர். இவ இப்படிச் சிரிப்பான்னு எனக்குத் தெரியாதுங்க. அப்படி என்னதானுங்க சொன்னாங்க அங்க? கேட்டா, மறுபடியும் சிரிக்கறாளே தவிர, சொல்ல மாட்டேங்கறா.”

படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஆறு மாதம் போதும். எடுத்த படத்தைப் பற்றி வாயை மூடிக்கொண்டிருக்கத்தான், பாருங்கள், உங்களிடம் தாழ்ப்பாள் கதையைக் கொட்டிவிட்டேனே, இத்தனை வருடமாகியும் கற்றுக்கொண்டபாடில்லை.