பல் பகுதியும் யமன் சவ்வும்

பச்சைப் பெயின்ற் மணந்தாலே எனக்குப் பல்லுத்தான் ஞாபகம் வரும்...

தரம் பத்தில, கிளிநொச்சியில எங்கட ஸ்கூல் விஞ்ஞானக் கண்காட்சி. நானும் கஜனும் தண்ணியைக் கரண்டால பிரிச்சு ஐதரசன் எடுத்துக் காட்டுற ஸ்டோல். வாயு ரெண்டும் கலக்காம நடுவில ஒரு மென்சவ்வு வேணும். கெமிஸ்ட்ரி ரீச்சரின்ர தம்பி வெளிநாட்டில ஆராய்ச்சி செய்யிறவர், முத்திரை அளவில ஒரே ஒரு துண்டு அனுப்பினவர். தண்ணி சுட்டா குறைஞ்ச கரண்ட் போதும். ஆனா சூட்டில சாதாரண சவ்வு ஊதிக் கிழிஞ்சிடும். இது தாங்குமெண்டு நடுவருக்குக் காட்ட வேணும்.

கிழிஞ்சா எங்கட கதையும் கிழிஞ்சுது.

பச்சைப் பெயின்றால போர்ட் எழுதினது கஜன். "பல்பகுதிய மென்சவ்வு". பிளாஸ்ரிக் சாமானுக்குப் புத்தகத்தில உள்ள பேர் பல்பகுதியம். இடம் காணாமல் மேல "பல் பகுதி", கீழ "யமென்சவ்வு" எண்டு பிரிச்சு எழுதிப்போட்டான்.

"மேல பல்லு, கீழ யமன்... வாறவை உயிரோட போவினமோடா?"

"பெயின்ற் காஞ்சிட்டு. வாயை மூடு."

நான் மூடினன். வந்த சனம் எல்லாம் திறந்துது...

ஒரு அம்மா கடவாய்ப்பல்லைக் காட்டினா. அவவுக்குப் பின்னால லைன். நான் சும்மா விடுவனோ... டோர்ச் அடிச்சுப் பாத்து, இனிப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பினன். கஜன் சுடுதண்ணியை ஊத்திக்கொண்டு முழுசினான். கூட்டத்தைக் கண்டு நடுவரும் நேரா எங்களிட்ட வந்திட்டார்.

அந்த நேரம் பாத்து ஒரு ஐயா, லேஞ்சித் துணியில சுத்தின பொய்ப் பல்லுசெற்றை மேசையில வைச்சார்.

"தம்பி, சுடுதண்ணியில கழுவினனான், வளைஞ்சு போச்சு. சூட்டுக்கு வளையாத சாமான் உங்கட்ட இருக்கோ?"

நடுவர் என்னைப் பாத்தார். நான் கஜனைப் பாத்தன். கஜன் சவ்வைப் பாத்தான்... ஆவி பறக்குது, ரெண்டு பக்கமும் குமிழி. சவ்வு அசையேல்லை.

"பல்லு இல்லை ஐயா, பல்பகுதியம் இருக்கு. உங்கட பல்லும் அந்தச் சாதிதான். இந்தச் சவ்வுக்குப் பிடிவாதம் கொஞ்சம் கூட" எண்டன் நான்.

நடுவர் சிரிச்ச சிரிப்பில அவரின்ர கடவாய்ப்பல்லும் தெரிஞ்சுது. நாங்கள் விளக்கப் பாடமாக்கி வைச்சதை ஐயா ஒரு கேள்வியில கேட்டு முடிச்சிட்டாராம். முதலிடம் எங்களுக்கு. ஐயாவை ரீச்சர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா... அசல் பல் பகுதிக்கு.

இப்ப நாங்கள் ஏ.எல்., உயர்தரம். கண்காட்சிக்குப் பிரிண்ட் அடிச்ச பானர். பிழையும் இல்லை, லைனும் இல்லை. கஜன் பயோ, நான் மெத்ஸ். கொரிடோரில கண்டா நிண்டு கதைக்கவும் நேரமில்லை...

ரெண்டு பேரும் வாயை "ஆ" எண்டு திறந்து காட்டிப்போட்டுப் போவம்.