உறுப்பினரை நீக்கும் டூல்

ஜெயபிரியாவின் வேலை என்னவென்று கேட்பவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. பூ வாங்கி விற்கிற சின்ன கம்பெனி எங்களுடையது, தர்மபுரியில் இருக்கிறது. தினமும் விவசாயிகளுக்குப் போன் போட்டுப் பேசுவது மனிதர் இல்லை, ஒரு ஏஐ. எத்தனை மூட்டை என்று கேட்பதும் வண்டி அனுப்புவதும் அதுதான். ஒவ்வொரு காரியத்துக்கும் அதற்கு ஒரு கருவி உண்டு, எங்கள் பேச்சில் டூல். எந்த டூல் என்ன செய்யும், எப்போது எடுக்கலாம், எப்போது தொடவே கூடாது என்று யாராவது எழுதி வைத்தால்தான் அதற்குப் புரியும். எழுதியதை அப்படியே நம்பும், எழுதாததை அறியாது. எழுதுகிறவள் ஜெயபிரியா. எழுதியதைச் சரிபார்ப்பது பக்கத்து மேசையில் இருக்கும் நான்.

அவள் வத்தல்மலைக்காரி. அவளுடைய அண்ணன் முருகேஷ் போன மாசியில் மலைப்பாதையில் பைக்கோடு விழுந்து செத்துப்போனான். காரியம் முடிந்து வேலைக்கு வந்தவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள், பார்ப்பாள், மூடிவிடுவாள். விஷயம் தெரியாத யாராவது அண்ணனைக் கேட்டால், "ஊர்ல இல்லைங்க" என்பாள். செத்துட்டான் என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது எரிச்சலாகக்கூட இருந்தது. வாய்விட்டு அழுது தொலைத்தால்தான் என்ன?

அந்தச் சமயத்தில்தான் மேனேஜர் அருள்குமார் புது வேலை ஒன்றோடு வந்தார்.

"செத்துப்போனவங்க நம்பருக்கெல்லாம் போன் போய்க்கிட்டிருக்குது. லிஸ்ட்லருந்து நம்பரை எடுக்க ஒரு டூல் போட்டிருக்காங்க. அதுக்கு எழுதிரும்மா."

ஒரே மூச்சில் எழுதினாள். 'உறுப்பினர் இறந்துவிட்டதாகத் தெரிந்தால் இந்த டூலைப் பயன்படுத்தவும். அவருடைய எண் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். மீண்டும் சேர்க்க மேனேஜரின் அனுமதி தேவை.' தெளிவுக்கு ஒரு குறையும் இல்லை. நானும் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன்.

அவள் ஊரில் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. பலாமரத்தடியில் மட்டும் கிடைக்கும். முருகேஷின் போனை ஒரு துணிப்பையில் போட்டு அந்த மரத்தில் மாட்டியிருப்பார்கள். மணி அடித்தால் பக்கத்தில் பூப்பறிக்கிறவர் எடுப்பார். ஊர்ச் சாமந்தி முழுக்க அந்த ஒரே நம்பரை நம்பித்தான் மலையிறங்கியது. இது ஜெயபிரியாவுக்குத் தெரியாதா? தெரியும். 'இறந்துவிட்டதாக' என்று எழுத வேண்டியிருந்ததும் மனதை மூடிக்கொண்டாள், அவ்வளவுதான்.

அடுத்த முறை ஏஐ கூப்பிட்டபோது எடுத்தவர் அவளுடைய சித்தப்பா சின்னன். "முருகேசனா? அவன் செத்துப்போயிட்டானுங்களே" என்றார். அது வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனை வைத்தது, நம்பரை நீக்கியது. மறுநாள் மலைக்கு வண்டி போகவில்லை.

ஜெயபிரியாவின் அம்மா ராமக்கா கூப்பிட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"ஏ பிரியா, வண்டியக் காணமே. பறிச்ச பூவெல்லாம் வாடிக் கெடக்குது. அவன் போனா ஊரே போயிருச்சா?"

"நான்தான் எழுதுனேன்" என்றாள், யாரோ செய்ததைச் சொல்வதுபோல.

விஷயம் தெரிந்தும் அருள்குமார் கத்தவில்லை. "திருத்தி எழுதி, பேசிப் பார்த்துக் காட்டு. சரியா வந்தா நாளைக்கே வண்டி ஏறும். இல்லாட்டி மலை ரூட்டே வேணாம்னு மொதலாளி சொல்றாரு."

உட்கார்ந்து எழுதினாள். 'ஓர் எண் ஒருவருக்கு மட்டுமே என்று எண்ண வேண்டாம். மலையூர்களில் பல வீடுகளுக்கு ஓர் எண் இருக்கும். இறந்தார் என்று கேட்டதும் நீக்கக் கூடாது. இந்த எண்ணில் வேறு யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்கவும். ஒருவர் இருந்தாலும் நீக்க வேண்டாம்.'

முருகேஷின் நம்பரை வைத்து, யாராவது விவசாயி போல ஏஐயிடம் பேசிப் பார்க்க வேண்டும். நான் ஹெட்போனுக்குக் கை நீட்டினேன்.

"எங்க ஊரு நம்பருங்க. நானே பேசறேன்" என்றாள்.

"வணக்கம். முருகேஷ் இருக்கிறாரா?" என்றது ஏஐ.

"ஊர்ல இல்லைங்க."

"சரி, அவர் வந்ததும் அழைக்கிறேன்" என்று வைத்துவிட்டது.

அதைக் குற்றம் சொல்ல முடியுமா? சொன்னதை நம்பியது. மறுபடி போட்டாள். மறுபடியும் அதே பதில், அதே முடிவு. அருள்குமார் பெருமூச்சு விட்டார். விட்டுரு, நான் சொல்கிறேன் என்று எழுந்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டு இன்னொரு முறை போட்டாள்.

"முருகேஷ் இருக்கிறாரா?"

"செத்துட்டாருங்க" என்றாள். "எங்கண்ணன். செத்துட்டான்."

"மிகவும் வருந்துகிறேன். இந்த எண்ணில் வேறு யார் இருக்கிறீர்கள்?"

"சின்னன் சித்தப்பா இருக்காரு. காசியம்மா அத்தை இருக்குது. எங்கம்மா இருக்குது." குரல் உடைந்தது. "நான் இருக்கேங்க."

இத்தனை நாள் வராத அழுகை அப்போதுதான் வந்தது. தோளெல்லாம் குலுங்கியது. லைனைத் துண்டிக்கப்போன அருள்குமாரின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"எண்ணை நீக்கவில்லை" என்றது ஏஐ. "நாளைக்கு எத்தனை மூட்டை?"

அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள், அழுதுகொண்டே.