எலிக்குக் கொடுத்த அரைக் குளிசை

"புருசன்ர மருந்தை எலிக்குக் குடுத்தவளடி அவள்!" என்று குழாயடியில் கமலாதேவி சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதிக் கதை சொல்கிற வாய் மீதியையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்னலட்சுமியின் புருசன் சின்னராசா சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளுக்கு வர்ணம் பூசியவன். பாரிசவாதத்தில் இடப்பக்கம் விழுந்துவிட்டது. சண்டைக் காலம், மருந்துக்கடைகளில் ஒன்றுமில்லை. துறைமுகத்துப் பக்கம் எலிகளை வைத்து இரத்தத்தை ஆராய்ந்த டொக்டர் சிவகுருநாதன்தான், கூடு கழுவப் போன அன்னலட்சுமியிடம் மாதாமாதம் அவனுக்குக் குளிசைப் போத்தல் ஒன்று கொடுத்துவிட்டார். சம்பளம் பிறகு, அந்தப் போத்தலுக்காகத்தான் அவள் வேலைக்குப் போனாள்.

எலியைப் பிடித்துக் கொடுப்பதும் அவள் வேலை. வாலைச் சுடுதண்ணீரில் நனைத்தால் நரம்பு தெரியும். டொக்டர் ஊசி ஏற்றுவார். கொஞ்ச நேரத்தில் எலி பின்னங்காலை இழுக்கும், மூச்சுக்கு அலையும், அடங்கிவிடும். அந்தக் கால் இழுவையை அவள் வீட்டிலே தினம் பார்க்கிறவள். ஒருநாள் சின்னராசாவுக்குப் பாதிக் குளிசையைக் கொடுத்தாள். மறுபாதியைப் பொடித்து எலிகளின் தண்ணீரில் கலக்கினாள். இழுவை ஒன்றென்றால் மருந்தும் ஒன்றுதானே?

மறுநாள் ஊசி போட்ட எலிகள் சாகவில்லை. தள்ளாடிவிட்டு அரிசி கொறித்தன.

"ஆர் தண்ணியில கை வைச்சது?"

"நான்தான் ஐயா. இவர் குடிக்கிற குளிசை. பாக்கப் பாவமாக் கிடந்தது."

டொக்டர் சிரித்தார். நல்ல சிரிப்பில்லை. "விசரி! நான் ஊசியில ஏத்திற மருந்து, காயம் பட்டிட்டுது ஓடி வாங்கோ எண்டு கூப்பிடும். இரத்தத்தில இருக்கிற சின்னத் தட்டுகள் ஓடிவந்து ஒண்டோடொண்டு ஒட்டிக் கட்டியாகி, சுவாசப்பையை அடைக்கும். உம்மட குளிசை அந்தக் கூப்பாட்டை அமத்திப்போட்டுது. என்ர வேலை முழுக்க நாசம்."

"அப்ப இவருக்கு உள்ளயும் அதுதானோ ஐயா கூப்பிடுறது?"

"ஓம். குளிசை நிண்டால் திரும்பவும் கூப்பிடும்."

சொல்லிவிட்டு அடுத்த மாதப் போத்தலை மேசையில் வைத்தார். "மேல் கூட்டில உம்மட தண்ணி குடிக்காத பன்னிரண்டு கிடக்கு. பிடிச்சுத் தந்திட்டு இதைக் கொண்டு போம். நாளையில இருந்து வரவேண்டாம்."

பிடித்தாள். கமலாதேவியென்றால் பிடித்திருக்க மாட்டாளாம். அவள் புருசன் இரண்டு காலிலும் நடக்கிறான். ஒவ்வொன்றாக வாலை நனைத்து நீட்டினாள். கடைசி எலி விரலைக் கடித்தது. இரத்தம் துளிர்த்தது. எலி அடங்குவதற்கு முன்பே அவள் விரலில் இரத்தம் உறைந்து நின்றுவிட்டது. அவள் விரலைப் பார்த்தாள், எலியைப் பார்த்தாள். எலியின் மூச்சை அடைத்த அதே கூப்பாடுதான் அவள் காயத்தையும் அடைத்திருந்தது.

போத்தலைச் சேலைத் தலைப்பில் முடிந்தாள். கை கழுவாமலே படியிறங்கிப் போனாள்.