உம்மாவின் மெயின் சுவிட்ச்

மாரி காலத்தில் கல்முனைக்குடியில் இடி முழங்கினால், அடுத்துக் கேட்பது மெயின் சுவிட்சை நிறுத்தும் சத்தம்தான். வீட்டுக்கு வீடு டக், டக் என்று போகும். எங்கள் வீட்டில் அந்த வேலை உம்மாவுடையது. ஒரு மின்னலில் எங்கள் தொலைக்காட்சி கருகிப்போனதிலிருந்து, தூரத்தில் வானம் லேசாக உறுமினாலே உம்மாவின் கை சுவிட்சுக்குப் போய்விடும்.

அன்று எனக்கு வேலைக்கான பரீட்சை. கம்பனி கொழும்பில், வேலை வீட்டிலிருந்தே. படித்து முடித்து நான்கு வருடம் சும்மா இருந்தவள் நான். வாப்பா மௌத்தான பிறகு உம்மாவைத் தனியே விட்டுவிட்டு வெளியூர் போக மனமும் இல்லை. இதுவும் தவறினால் வேறு வழி இல்லை. லினக்ஸ் போட்ட மேசைக் கணினியில் ஒரு டேட்டாபேஸ் சேர்வரை நிறுவி, அவர்கள் அனுப்பிய விபரங்களை அதில் ஏற்றி, பின்னேரம் நான்கு மணிக்கு வீடியோ அழைப்பில் காட்ட வேண்டும். கேட்பதற்கு லேசான வேலை.

காலையிலேயே தொடங்கினேன். ஃபோன் டேட்டாவில் துண்டு துண்டாக இறங்கி, நிறுவல் பாதியைத் தாண்டும்போது கடல் பக்கம் ஒரு இடி. டக். திரை கறுத்தது.

கரண்ட் வந்த பிறகும் எதுவும் நகரவில்லை. முந்தைய நிறுவல் அரைகுறையாக நிற்கிறது, அதைச் சரிசெய்யாமல் வேறெதையும் போட விடமாட்டேன் என்று கணினி அடம்பிடித்தது. அதற்கான கட்டளையைத் தேடி அடித்துச் சரிசெய்தால், பாஸ்வேர்ட் பிழை என்றது. அந்தப் பாஸ்வேர்டை வைத்தவளே நான்தான். ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டி உள்ளே போனேன். விபரங்கள் ஏறத் தொடங்கின. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதையாக மறுபடியும் இடி, மறுபடியும் டக்.

இந்த முறை கணினி எழும்பியது, சேர்வர் எழும்பவில்லை. நானே எழுப்பிப் பார்த்தால், ஏற்றியதில் பாதி இருக்கிறது, பாதி இல்லை. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எல்லாவற்றையும் அழித்தேன். கணினி தொடங்கும்போதே சேர்வரும் தானாகத் தொடங்கும்படி செய்தேன். ஏறினால் முழுதாக ஏறட்டும், இல்லாவிட்டால் ஒன்றுமே ஏற வேண்டாம் என்று எழுதிவைத்து, முதலிலிருந்து ஏற்றினேன். கெட்டித்தனத்தால் செய்ததல்ல, உம்மா மேல் இருந்த எரிச்சலில் செய்தது.

பிறகு முன்னறைக்குப் போய்க் கத்தினேன்.

"இனி அந்த சுவிட்சுல கை வெக்காதீங்க. என்ட வாழ்க்கையத்தான் நீங்க நிப்பாட்டுறீங்க."

உம்மா என்னை ஒரு பார்வை பார்த்தா. "சரி மகள். இனி வானமே இடிஞ்சி விழுந்தாலும் நான் தொடமாட்டன்."

அதோடு எழும்பி அடுப்படிக்குப் போனா. பகல் சோற்றை மேசையில் மூடிவைத்துவிட்டுப் போய்விட்டா.

நான்கு மணிக்கு ஃபோனில் கம்பனிக்காரர் வந்தார். தமிழில்தான் கதைத்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நல்லம். இப்ப கரண்ட் போனா இது என்னாகும்?" என்று கேட்டார். "முறையா நிப்பாட்ட வேணாம். சட்டெண்டு கரண்டை நிப்பாட்டுங்க, பாப்பம்."

பிளக் அலுமாரிக்குப் பின்னால் இருந்தது. யோசிக்காமல் குரல் கொடுத்தேன். "உம்மா, மெயின ஒருக்கா நிப்பாட்டுங்க."

"நான் தொடமாட்டன்," என்று முன்னறையிலிருந்து பதில் வந்தது. "நீதானே கை வெக்காதீங்க எண்டு சொன்ன."

கம்பனிக்காரருக்கு எல்லாம் கேட்டிருக்கும். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நானே எழும்பிப் போய் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு உம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது.

"பிழை என்னிலதான் உம்மா. மாப்புச் செய்ங்க. நிப்பாட்டுங்க."

முன்னறையில் கதிரை நகரும் சத்தம் கேட்டது. பிறகு "பிஸ்மில்லாஹ்" என்ற குரல். டக்.

உம்மா மறுபடி போட்டதும் கரண்ட் திரும்பியது. கணினி எழும்பியது, சேர்வரும் தானாக எழும்பியது. ஒரு வரிகூடக் குறையவில்லை.

"வந்த எல்லாரும் இந்த இடத்திலதான் விழுந்தாங்க," என்றார் கம்பனிக்காரர். "நீங்க இத எப்பிடி முன்கூட்டியே யோசிச்சீங்க? திங்கக்கிழம தொடங்கலாமா?"

தொடங்கலாம் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். முதல் கேள்விக்கு நான் வாய் திறக்குமுன், கதவடியில் வந்து நின்ற உம்மா எனக்காகப் பதில் சொன்னா.

"இதத்தானே நான் விடிஞ்சதில இருந்து செஞ்சிட்டு இரிக்கன்."