அவிட்ட நட்சத்திரத்து வள்ளி

கல்யாணமாகி வந்த முதல் கிருத்திகைக்கு மாமனாரோடு திருத்தணி மலையேறினேன். அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு பெயர், நட்சத்திரம் கேட்டார். மாமனார், வீட்டிலுள்ள எல்லோருடையதையும் ஒப்பித்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "வள்ளி, அவிட்டம்" என்றார். எங்கள் வீட்டில் வள்ளி என்று யாரும் இல்லை. புது மருமகள் கேட்கக்கூடிய கேள்வியா அது? வீட்டுக்கு வந்து மாமியாரிடம் கேட்டதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நானும் சண்டை போட்டவதான். பொட்டிய தூக்கினு அம்மா வூட்டுக்கே கெளம்பிட்டேன். அப்புறந்தான் விஷயத்த சொன்னாரு."

மாமனார் பட்டாளத்தில் இருந்தவர். அவருடைய இளவயதில், வடக்கே ஒரு பனிமலையில் பயணிகள் விமானம் மோதி விழுந்தது. தேடிப்போன சிப்பாய்களில் அவரும் ஒருவர். மேலே கண்டதைப் பற்றி எங்களிடம் அவர் பேசியதே இல்லை. ஒன்றை மட்டும் சொல்வார். உடைந்த இருக்கைகளுக்கு நடுவே ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று மூச்சோடு கிடந்தது. தன் கோட்டில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு அரைநாள் நடந்து இறங்கினார். வழியெல்லாம் அது அவர் காதைப் பிடித்தபடியே வந்ததாம். டாக்டரின் வண்டியில் ஏற்றும்போது விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்ததாம். வண்டி போய்விட்டது, இவர் திரும்பவும் மலையேறினார். குழந்தை பிழைத்ததா என்று சொல்ல அப்புறம் ஆளே கிடைக்கவில்லை. பெயரும் தெரியாது. லீவில் வந்தவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, அந்த நாளின் நட்சத்திரத்தையே அவளுடைய பிறந்த நட்சத்திரமாக வைத்துவிட்டார். பெயரை நம் மலையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் செய்வது. மாமியாருக்கு அதுதான் உறுத்தல். "இருக்காளோ இல்லியோ. இல்லாதவளுக்குப் பண்ணா குத்தம்ங்க" என்பார்.

"இல்லேன்னு உனக்கு யாரு சொன்னா?" என்று மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தபின் ஒரு கிருத்திகையைக்கூட அவர் விட்டதில்லை.

இப்போது அவருக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. மலைமேல்வரை பஸ் போகிறது, அதில் போகலாமே என்றால் கேட்பதில்லை. "அவள நான் நடந்துதாம்மா தூக்கினு வந்தேன்" என்பார். அதனால் சில மாதங்களாக நான்தான் போய்வருகிறேன். போன கிருத்திகையன்று பாதிப் படியில் உட்கார்ந்து, கைபேசியில் அந்த விபத்தைத் தேடினேன். பழைய பத்திரிகைப் பக்கம் ஒன்று வந்தது. முதல் வரியோடு அணைத்துவிட்டேன். எனக்குத் தைரியம் போதவில்லை, அவ்வளவுதான். மேலே போய் எப்போதும்போல வள்ளி, அவிட்டம் என்றேன்.

வீட்டில் மாமனாரிடம் விபூதியை நீட்டினேன்.

"பேரு சொன்னியாம்மா?"

"ஆங், சொன்னேன் மாமா. வள்ளியோட பேரப்புள்ளைங்களையும் சேத்துச் சொன்னேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது. மாமனார் என்னையே பார்த்தார். பிறகு விரல்விட்டு வருஷங்களை எண்ணினார்.

"ஆமாமா. அம்பது தாண்டிட்டா இல்ல? எத்தினி புள்ளைங்க?"

"ரெண்டு, மாமா."

விபூதியை நெற்றி நிறையப் பூசிக்கொண்டார்.

"அப்போ அடுத்த கிருத்திகைக்கு நானும் வரேன். பஸ்ஸுலயே போலாம்மா. சின்னப் புள்ளைங்க, அவ்ளோ படி எப்படி ஏறும்?"